யார் வீட்டுப் புழு?

மேலப்புதுக்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, 'யோசனைக்காரர் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் முதலில் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்குவார்கள். அப்புறம்தான் வழி சொல்வார்கள்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் குற்றாலம், கடைசி சொரிமுத்து. மூவருக்கும் கூட்டாக ஒரு மாவு மில் உண்டு. எந்தக் காரியமானாலும் மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்த பிறகுதான் செய்வார்கள். மழை வந்தால், உள்ளே போகலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். போகலாம் என்று முடிவெடுத்து, முழுக்க நனைந்த பிறகு உள்ளே போவார்கள்.

ஆவுடையப்பன் ஒரு காலத்தில் பெண் பார்க்கப் போனார். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பெண்ணின் மகளுக்கே இப்போது மாப்பிள்ளை தேடுகிறார்கள். இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் முடிவு சொல்லாமல் தனக்குப் பெண் பார்க்கக் கூடாது என்று சொரிமுத்துவும் காத்திருக்கிறான். குற்றாலத்துக்கு மட்டும் கல்யாணம் ஆனதென்றால் அதற்குக் காரணம் உலகம்மைதான். அவள்தான், "எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு, வர்ற முகூர்த்தத்துலயே வச்சிருங்க" என்றாள். யோசிக்க யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

குற்றாலத்துக்கு உலகம்மை என்றால் உயிர். அவள் பக்கத்துத் தெருவுக்குப் போய் வரக் கொஞ்சம் நேரமானாலே வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருப்பான்.

உலகம்மைக்கு உயிர் இன்னொன்றிலும் இருந்தது. புறவாசலில், பெரிய சிமெண்ட் தொட்டியில், இடுப்பளவு நின்ற ஒரு நாரத்தைச் செடி. சங்கரன்கோவிலில் அவள் அம்மா வீட்டு நாரத்தை மரத்து விதையில் முளைத்தது. பிறந்த வீட்டு நினைப்பு வரும்போதெல்லாம் அதில் ஓர் இலையைத் தடவி, விரலை முகர்ந்துகொள்வாள்.

தங்கச்சி வளைகாப்புக்காக அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று மூவரையும் நிற்க வைத்துப் பேசினாள்.

"போன வருசம் முருங்கையில கம்பளிப்புழு வந்தப்போ மூணு பேரும் யோசிச்சு என்ன செஞ்சிய?"

மூவரும் தரையைப் பார்த்தார்கள். தீப்பந்தம் காட்டியிருந்தார்கள். முருங்கை எரிந்தது, பக்கத்துக் கொடியில் காய்ந்த உலகம்மையின் முகூர்த்தப் பட்டு எரிந்தது, கோழிக்கூடு எரிந்தது. புழுக்கள் மட்டும் புகையைப் பார்த்ததும் முன்கூட்டியே இறங்கிப் போய்விட்டன.

"இந்தத் தடவை என் நாரத்தையில எந்தப் புழு வந்தாலும் எடுத்த எடுப்புல கை வைக்கப்பிடாது. என்ன புழுன்னு நல்லாத் தெரிஞ்ச பொறவுதான் எதுனாலும் செய்யணும். தெரியலைன்னா உரக்கடைப் புன்னைவனம் அண்ணாச்சிகிட்ட கேளுங்க. அவரு சொல்லுத மாதிரியே செய்யுங்க. நான் வரும்போது செடி செடியா நிக்கணும். இல்லேன்னா வாசப்படி ஏற மாட்டேன். அடுத்த பஸ்ஸுலயே எங்கம்மா வீட்டுக்குத் திரும்பிருவேன். பொறவு நீங்க மூணு பேருமே இருந்து யோசிச்சுக்கிடுங்க."

உலகம்மை சும்மா மிரட்டுகிறவள் இல்லை. சொன்னால் செய்வாள்.

அவள் போன மறுநாளே, தண்ணீர் ஊற்றப் போன குற்றாலம் ஓர் இலையின் நடுவில் காக்கா எச்சத்தைப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாக, பளபளவென்று இருந்தது. துடைத்துவிடலாம் என்று துண்டை எடுத்தான். எச்சம் இரண்டடி முன்னால் வைத்து நடந்தது.

"அண்ணே! காக்கா எச்சம் நடக்குது!"

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கமாலே நடக்குது?"

"மேல் பக்கமா."

"அப்போ அது புழுவா இருக்கலாம். எச்சம்னா கீழ்ப்பக்கமாத்தான் போகும்."

சொரிமுத்து இதை ஏற்றுக்கொள்ளவில்லை. "காக்கா நடக்கும்லா அண்ணே? அதோட எச்சமும் நடக்கலாமே?"

"பசு நடக்குது. சாணி நடக்குதாலே?"

சொரிமுத்து நெடுநேரம் யோசித்தான். "நம்ம ஊருப் பசுவோடது நடக்காது. வெளியூருல எப்படின்னு நமக்குத் தெரியாதே."

இது தள்ளிவிடக் கூடிய வாதம் இல்லை. மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மில்லில் கோதுமையோடு ஆட்கள் காத்திருந்தார்கள், இவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதுவே குனிந்து இலை ஓரத்தை ஒரு கடி கடித்தது. "எச்சம் சாப்பிடாது" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார். புழு என்று முடிவாயிற்று.

இலையில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. குற்றாலத்துக்கு அதற்குள்ளேயே உலகம்மை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது தெரிந்தது.

அடுத்த வீட்டு இசக்கியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஒத்தைப் புழுதானே! தட்டிவிட்டுட்டு வேலையைப் பாருங்கப்பா."

"கை வைக்கப்பிடாதுன்னு உலகு சொல்லியிருக்கா, மதினி" என்றான் குற்றாலம்.

"குச்சி வைக்கலாமா?" என்று கேட்டான் சொரிமுத்து.

"குச்சியை எதால பிடிப்பே?" என்றார் ஆவுடையப்பன். அதோடு அந்த யோசனை முடிந்தது. மூவரும் உரக்கடைக்குக் கிளம்பினார்கள்.

புன்னைவனம் அண்ணாச்சி நல்ல மனுசன். ஆனால் கடையில் ஒரே கூட்டம். யூரியா மூட்டையை எடை போட்டுக்கொண்டே, "எந்த மாதிரிப் புழு?" என்றார்.

"அமைதியான புழு" என்றான் குற்றாலம். "அது உண்டு, அது சாப்பாடு உண்டுன்னு இருக்கு."

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆளு யாருன்னு தெரியாம மருந்து தர முடியாதுப்பா. மத்தவங்க தோட்டத்துல இருக்கிற புழுவோட ஒப்பிட்டுப் பாத்துட்டு வாங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆவுடையப்பன் அண்ணாச்சியை மெச்சிக்கொண்டே வந்தார். "பெரிய மனுசன் பெரிய மனுசன்தான். ஊருக்குள்ள புது ஆளு வந்தா நாம என்னலே கேப்போம்? 'நீ யாரு வீட்டுப் பிள்ளை'ன்னுதானே கேப்போம்? அதே மாதிரி இது யாரு வீட்டுப் புழுன்னு விசாரிச்சா வேலை முடிஞ்சுது."

ஆனால் புழுவை எப்படிக் கொண்டுபோவது? கையில் எடுக்கக் கூடாது. இலையோடு பறித்தால் ஓர் இலை குறையும். யோசித்தார்கள். பிறகு சிமெண்ட் தொட்டிக்குக் கயிறு கட்டி, மூங்கில் கம்பைக் கோத்து, செடியோடு தூக்கினார்கள். முன்னால் ஆவுடையப்பன், பின்னால் சொரிமுத்து. புழுவுக்கு வெயில் படாமல் குற்றாலம் பக்கத்தில் குடை பிடித்து நடந்தான்.

தெருவில் இறங்கியதும் எதிர் வீட்டுப் பாப்பாத்தியம்மாள், கண் சரியாகத் தெரியாததால், குடையையும் கம்பையும் பார்த்துச் சாமி புறப்பாடு என்று நினைத்து, வாசலைத் தெளித்துச் சூடம் கொளுத்திவிட்டாள். கொளுத்திய சூடத்தை அவமதிக்கக் கூடாது என்று தொட்டியைக் கொஞ்ச நேரம் இறக்கி வைத்தார்கள். அவள் நாரத்தைக்கு மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரசாதம் கேட்டாள். சொரிமுத்து நல்ல பிள்ளை. இரண்டு இலை கிள்ளிக் கொடுத்தான். குற்றாலம் பார்ப்பதற்குள் அவள் வாயில் போட்டு மென்றுவிட்டாள்.

இசக்கியம்மாள் வீட்டு முருங்கையில் கம்பளிப்புழுக்கள் கொத்தாக இருந்தன. ஆவுடையப்பன் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மதினி, இது உங்க வீட்டுப் புழுவா?"

"எங்க வீட்டுப் புழு உடம்பெல்லாம் முடியா இருக்கும். இதுல ஒத்தை முடி இல்லையே."

"திருச்செந்தூருக்குப் போயி மொட்டை போட்டிருந்தா?"

இசக்கியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏதோ மறைக்கிறாள் என்று மூவருக்கும் தோன்றியது.

மேலத்தெரு எருக்கஞ்செடியில் இருந்த புழு மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தது. "நிறத்துல பாதி ஒத்துப்போகுது. அம்மா வழிச் சொந்தமா இருக்கும்" என்றார் ஆவுடையப்பன். இரண்டையும் நேருக்கு நேராக வைத்து, ஒன்றையொன்று விசாரிக்கட்டும் என்று காத்திருந்தார்கள். இரண்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "சொத்துத் தகராறு" என்று சொரிமுத்து மெதுவாகச் சொன்னான்.

ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது சந்துச் சுவரில் உரசி, ஒரு பக்கத்து இலை பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. புழு கடித்தது ஓர் இலைதான். குற்றாலம் உதிர்ந்த இலைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் புழுவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கொழுகொழுவென்று பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. தலைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய கண் மாதிரிப் புள்ளிகள்.

"யாருலே இவன்?" என்றார் ஆவுடையப்பன்.

"நம்ம ஆளு எங்க போனான்?" என்றான் குற்றாலம். குடை பிடித்து ஊரெல்லாம் கூட்டிப்போனதில் அவனுக்குக் கறுப்பன் மேல் ஒரு பாசம் வந்திருந்தது.

செடியைச் சுற்றித் தேடினார்கள். இலைக்கு அடியில் சுருங்கிப் போன ஒரு கறுப்புத் தோல் கிடந்தது. சொரிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். "கறுப்பனை முழுங்கிட்டு, சட்டையை மட்டும் துப்பியிருக்கான்."

"முழியைப் பாரு, முழியே சரியில்லை" என்றார் ஆவுடையப்பன். "ஏலே, உண்மையைச் சொல்லு. கறுப்பன் எங்க?"

அவர் ஈர்க்குச்சியை நீட்டி மிரட்டினார். தொடவில்லை, தொட்டால் கை வைத்ததாகிவிடும். பச்சைப் புழு தலையைத் தூக்கியது. தலைக்கு மேலே சிவப்பாக இரண்டு கொம்பு விசுக்கென்று நீண்டது. குப்பென்று ஒரு நாற்றம் வந்தது. மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிணற்றடி வரை ஓடினார்கள்.

"கொம்பு வச்ச ஆளு" என்றார் ஆவுடையப்பன், மூச்சு வாங்க. "மரியாதையாப் பேசி அனுப்பணும்."

மறுபடி உரக்கடை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, புன்னைவனம் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடேய், நிறத்தை விடுங்க. அது என்ன இலையைத் திங்குதுன்னு பாருங்க. திங்கிற இலையை வச்சே என்ன புழுன்னு சொல்லிரலாம்."

"அது நாரத்தையிலதானே இருக்கு?" என்று நமக்குத் தோன்றும். யோசனைக்காரர் வீட்டில் அப்படித் தோன்றாது. ஆவுடையப்பன் நியாயவான்.

"நாரத்தையைத் தவிர அங்க வேற என்ன இருக்கு, அது திங்கதுக்கு? நம்ம வீட்டுல உப்புமா மட்டும் வச்சா விருந்தாளி உப்புமாதான் திம்பான். அதுக்காக அவனுக்கு உப்புமா பிடிக்கும்னு சொல்லிர முடியுமா? எல்லாத்தையும் பரிமாறணும். பொறவு எதைத் திங்குதுன்னு பாக்கணும்."

தலைவாழை இலை போட்டார்கள், நுனி இடப்பக்கமாக. கொம்பு வைத்த ஆளுக்கு முறை தவறக் கூடாது அல்லவா? முருங்கை இலை, அகத்தி, கறிவேப்பிலை, முள்ளுக்கீரை, வெற்றிலை என்று வரிசையாக வைத்தார்கள். நாரத்தை இலை வைக்க வேண்டிய இடத்துக்கு வந்ததும் குற்றாலம் செடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு வைப்போம், அண்ணே."

"விருந்துல எதையாச்சும் ஒண்ணே ஒண்ணு வச்சா குத்தமாயிரும்லே. மத்ததெல்லாம் குவியலா இருக்கு. இதையும் குவியலா வை."

குவியலாக வைத்தார்கள். செடியின் மறுபக்கமும் காலியாயிற்று. பிறகு வாழையிலையின் ஓரத்தைத் தண்டில் சாய்த்து வைத்து, மூவரும் கை கூப்பி, "வாங்க, வாங்க, கூச்சப்படாம வாங்க" என்று கூப்பிட்டார்கள். விருந்தாளி சாப்பிடும் முன் வீட்டுக்காரர்கள் சாப்பிடக் கூடாது. மத்தியானம் தாண்டியும் பட்டினி கிடந்தார்கள். பசிமயக்கத்தில் சொரிமுத்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டு முள்ளுக்கீரையை மென்றுகொண்டிருந்தான். சாயங்காலம்தான் புழு இறங்கி வந்தது. முருங்கையை முகர்ந்தது, அகத்தியைத் தாண்டியது, நாரத்தை இலையில் ஏறி உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது.

"நாரத்தை!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

உரக்கடை அண்ணாச்சி இந்தத் தடவை அவர்களைத் தூரத்தில் பார்த்தபோதே கதவுக்குப் பின்னால் போனார். இவர்கள் அங்கேயும் போய்ச் சொன்னார்கள்.

"நாரத்தை இலையைத் திங்குதுன்னா அது பட்டாம்பூச்சிப் புழு, சாமி! தெரிஞ்சுபோச்சுல்லா? போங்க."

"நிச்சயமாத் தெரியுமா, அண்ணாச்சி?" என்றான் குற்றாலம். "நல்லாத் தெரிஞ்ச பொறவுதான் எதுனாலும் செய்யணும்னு உலகு சொல்லியிருக்கா."

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "சந்தேகமா இருந்தா வளத்துப் பாரு! தானாத் தெரிஞ்சிரும்!"

அவர் கோபத்தில் சொன்னார். இவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

வளர்ப்பதென்றால் சும்மாவா? தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்து, மின்விசிறியை நிறுத்தினார்கள். சொரிமுத்து தாலாட்டு பாடினான். அவனுக்குத் தெரிந்த பாட்டு மில்லில் மாவு அரைக்கும்போது பாடுவதுதான், அதையே மெதுவாகப் பாடினான். புழுவுக்கு வாய் சிறியது என்று ஆவுடையப்பன் இலையைப் பறித்து, அரிவாள்மனையில் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தார். நறுக்கியது வாடிப்போகும். புழு அதைத் தொடாது. உடனே, "நறுக்கினது சரியில்லை போல" என்று இன்னும் கொஞ்சம் பறித்து இன்னும் பொடியாக நறுக்குவார். புழு தன் பாட்டில் ஓர் இலையைத் தின்று முடிப்பதற்குள் அண்ணன் ஒரு கிளையை முடித்துவிடுவார்.

குற்றாலம் பக்கத்தில் நின்று ஒவ்வோர் இலைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினான். "அண்ணே, செடி போகுது" என்றான் ஒரு தடவை.

"செடியைக் காப்பாத்தத்தானேலே இவ்வளவு பாடு படுதோம்" என்றார் ஆவுடையப்பன்.

கடைசி இலையும் நறுக்கப்பட்டது. மிச்சம் நின்றது முள்ளும் குச்சியும்தான். மறுநாள் காலை பச்சைப் புழுவையும் காணவில்லை. குற்றாலம் அதைத் தேடவில்லை. செடிப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். வளைகாப்பு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ்ஸில் வருகிறேன் என்று உலகம்மை போனில் சொல்லியிருந்தாள்.

"எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா? அவ வந்து, பாத்து, அப்படியே திரும்பிப் போவா. நான் என்ன செய்வேன்?"

அண்ணனும் தம்பியும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவர்களும் அழுதார்கள். அழுகையிலாவது யோசிக்காமல் சேர்ந்துகொண்டார்களே என்று எனக்கு அவர்கள் மேல் பிரியம்தான்.

சொரிமுத்துதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் பார்த்தான். "அண்ணே! குச்சியில ஒரு இலை விட்டிருக்கு!"

உண்மைதான். நடுத்தண்டில், பச்சையாக, நுனி கூராக ஒன்று சாய்ந்தாற்போல் நின்றது. கொஞ்சம் சுருண்ட மாதிரி இருந்தது; தளிர் என்றால் சுருண்டுதானே இருக்கும்? இடுப்பில் மெல்லிசாக ஒரு நூல் அதைத் தண்டோடு பிடித்திருந்தது.

"காத்துல விழாம இருக்கச் செடியே கட்டி வச்சிருக்கு" என்றார் ஆவுடையப்பன். "நல்ல சாதிச் செடி."

குற்றாலம் அதற்குத் தண்ணீர் ஊற்றினான். எருப் போட்டான். தொட்டியை மறுபடி புறவாசலுக்குத் தூக்கி இளவெயிலில் வைத்தான். கோழி வந்தால் விரட்டினான், இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தால் துண்டால் மறைத்தான். அந்த ஒற்றை இலையைப் பார்த்துப் பார்த்து அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஓர் இலை இருந்தாலும் செடி செடிதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இலை மட்டும் வளரவே இல்லை. கடைசி நாளில் அதன் பச்சை போய், உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. "முத்துது" என்றார் ஆவுடையப்பன்.

வெள்ளிக்கிழமை உலகம்மை வந்தாள். முன்வாசலுக்கு வரவில்லை. நேராகச் சந்து வழியே போய், புறவாசல் வேலிப் படலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பை, கையில் வளைகாப்புப் பலகாரத் தூக்கு. அவள் பார்த்த இடத்தில் ஒரு முள்குச்சி நின்றது. குச்சிக்கு இரண்டு பக்கமும் மைத்துனர்கள், பின்னால் புருசன். மூவரும் குளித்துத் திருநீறு பூசியிருந்தார்கள்.

"என் செடி எங்க?"

"இதான்" என்றான் குற்றாலம். "ஒரு இலை இருக்கு, உலகு. நல்ல இலை. நீ சொன்ன மாதிரி எதுலயும் கை வைக்கலை. அண்ணாச்சி சொன்ன மாதிரியே செஞ்சோம்."

உலகம்மை இலையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து இலையின் முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து ஒரு தலை, கசங்கிய சிறகு, மெல்லிய கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பையை இறக்கி வைக்கக்கூட உலகம்மைக்கு மறந்துவிட்டது. கசங்கல் நிமிர்ந்து, கறுப்பில் மஞ்சள் பொட்டு வைத்த சிறகு விரிந்து, வெயிலில் காய்ந்தது. பிறகு ஒரு தடவை அடித்துப் பார்த்தது. எழும்பி, உலகம்மையின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, வேலியைத் தாண்டி வடக்கே பறந்து போனது.

"போச்சு!" என்று குற்றாலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இருந்த ஒரு இலையும் போச்சு! உலகு, நீ போயிராதே. என்னை அடி, ஏசு. போயிராதே!"

உலகம்மை உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கோபமாகத்தான் நின்றாள், நின்று பார்த்தாள், முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு படலைத் திறந்து உள்ளே வந்து, நகத்தால் குச்சியைக் கீறிப் பார்த்தாள்.

"உள்ள பச்சையாத்தான் இருக்கு. தளிர்த்துரும். எந்திரிங்க. நான் எங்கயும் போகலை."

குற்றாலத்துக்கு உலகமே கைக்கு வந்த மாதிரி இருந்தது. அவள் கொண்டுவந்த அதிரசத்தை எல்லாரும் தின்றார்கள். புழு எப்படிக் கூடு கட்டும், கூட்டிலிருந்து எப்படிப் பட்டாம்பூச்சி வரும் என்று உலகம்மை பொறுமையாக எல்லாம் எடுத்துச் சொன்னாள். மூவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அவள் அடுக்களைக்குள் போன பிறகு வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"மைனி என்னவோ சொல்லுதாங்க" என்றான் சொரிமுத்து. "ஆனா நாம கண்ணால பாத்தது இலை பறந்ததைத்தானே, அண்ணே?"

"பறந்தது வடக்கே" என்றார் ஆவுடையப்பன். "சங்கரன்கோவில் எந்தப் பக்கம்?"

குற்றாலம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் காபியோடு வந்த உலகம்மை புருசனைத் தேடினாள். அண்ணனும் தம்பியும் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மறுமுனையில் அவள் அம்மா. குரலில் பதற்றம்.

"உலகு, இது என்ன கூத்து? மாப்பிள்ளை வந்து நாரத்தை மரத்தடியில கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு. அண்ணாந்து பாத்து, 'நடந்தது நடந்துபோச்சு, கோவத்தை விட்டுட்டு வீட்டுக்கு வா'ங்கிறாரு. காபி கொடுத்தா வாங்க மாட்டேங்காரு. 'முதல்ல அனுப்பி வைங்க, பொறவு காபி'ங்கிறாரு. நீதான் அங்க இருக்கியே, நான் யாரை அனுப்பி வைக்க? கேட்டா, 'எங்க வீட்டுல இருந்து வந்த இலையை'ங்கிறாரு. மரத்துல ஆயிரம் இலை இருக்கு. அதுல எதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஆவுடையப்பன் அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, காதில் வைத்து, பெரிய மனுசன் குரலில் பேசினார்.

"அத்தை, நீங்க பதறாதீய. அடையாளம் நான் சொல்லுதேன். மரத்தைப் பிடிச்சு நல்லா உலுக்குங்க. கீழ விழுறதெல்லாம் உங்க வீட்டு இலை. மேல போறது எங்க வீட்டுது."

பிறகு போனுக்குள் யாரோ மரத்தை உலுக்குகிற சத்தம் கேட்டது.